மச்சாள் மேசைக்கு ஒரு ஸ்ரவுட்

1. கொட்டை அவித்த கதை

ஸ்காபரோவில், கிங்ஸ்ரன் வீதியில் இருந்த அந்தப் பப்பின் கிச்சனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, முதலாளி பல வருடமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த போஞ்சிக்கொட்டைகளை நான் அவித்துவிட்டேன்.

முதலாளியின் பெயர் கென். இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்திலிருந்து இளவயதில் கனடாவுக்கு வந்தவர். ஈ.எஸ்.எல். வகுப்பில் நான் படித்த ஆங்கிலத்துக்கும் அவருடைய வாயிலிருந்து வந்த ஆங்கிலத்துக்கும் தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது. பாதி விளங்கும், மீதியை நானே நிரப்பிக்கொள்வேன். போகப்போக என் தலைக்குள் கென் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசினார். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அன்று அவர் பேஸ்ரி மா விரித்திருந்த தட்டுகளைக் காட்டி "பிளைண்ட் பேக்" என்றார். பெரிய போத்தலில் இருந்த கொட்டைகளைக் காட்டி "பீன்ஸ்" என்றார். பிறகு சாமான் வாங்கப் போய்விட்டார். பிளைண்ட் என்றால் குருடு. குருட்டு பேக் என்னவென்று விளங்காததால் அதை விட்டுவிட்டேன். பீன்ஸ் விளங்கியது. கழுவி, அடுப்பில் ஏற்றினேன். கொதித்தது. இன்னும் கொதித்தது. சோடா போட்டேன். கரண்டியால் கிண்டினால் கூழாங்கல் மாதிரிச் சத்தம் போட்டதே தவிர, ஒரு கொட்டையும் மசியவில்லை. சரி, பல்லுள்ளவர்கள் சாப்பிடட்டும் என்று செத்தல் மிளகாயும் வெங்காயமும் தாளித்துக் கொட்டிவிட்டேன்.

கென் திரும்பி வந்து பானையைத் திறந்து பார்த்தார்.

"புவனா, உந்தக் கொட்டையளுக்கு உம்மட கலியாணத்தை விட வயசு கூட."

பிறகுதான் விளக்கினார். பை என்கிற, இறைச்சி வைத்து மூடும் பண்டத்துக்கு அடி பேஸ்ரியை முதலில் வெறுமையாக பேக் பண்ணுவார்கள். அது பொங்கி எழாமல் இருக்க, மேலே கடதாசி போட்டுப் பாரத்துக்குக் கொட்டைகளைக் கொட்டுவார்கள். வெந்ததும் கொட்டைகளை அள்ளிப் போத்தலில் போட்டு அடுத்த கிழமைக்கு வைப்பார்கள். அதாவது, அந்தக் கொட்டைகள் வருடக்கணக்காக அவணுக்குள் போய்வந்தவை.

தாளித்த வாசம் வெளியே போயிருக்க வேண்டும். பாரில் இருந்த வோல்ற்றர் எட்டிப் பார்த்து ஒரு தட்டு கேட்டார். ஸ்ரீட்கார் என்கிற ட்ராம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் மத்தியானம் வந்து ஸ்ரவுட் என்கிற கறுப்பு பியர் ஒரு கிளாஸோடு உட்காருவார். ஒரு கரண்டி வாயில் போட்டு நெடுநேரம் மென்றார்.

"இவ்வளவு ருசியான சரளைக்கல்லை நான் இதுக்கு முதல் சாப்பிட்டதில்லை" என்றார்.

வேலை தப்பியது.

2. முதற்பால்

அந்தப் பப்பில் வியாழக்கிழமை என்றால் பை. மாட்டுத் தோள் இறைச்சியை வெட்டி, மாவில் பிரட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பொரித்து, வெங்காயம் வதக்கி, ஏல் என்கிற பழுப்பு பியரை ஊற்றி மெல்லிய நெருப்பில் வேகவைக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகுதான் பேஸ்ரியால் மூட வேண்டும். சூட்டோடு மூடினால் பேஸ்ரி உருகி கிரேவிக்குள் விழுந்துவிடும்.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. சமைக்க எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. உப்புப் பார்க்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. அந்தப் பதவியை வோல்ற்றர் தானாகவே எடுத்துக்கொண்டார்.

முதல் தடவை நானே தனியாகச் செய்தபோது என் சொந்த மூளையைப் பாவித்தேன். எங்கள் கறிக்கு முதற்பால் கடைசியில்தானே விடுவோம்? நல்ல சாமான் கடைசியில் போனால்தான் ருசி நிற்கும். அதனால் இறைச்சியைத் தண்ணீரில் வேகவைத்து, இறக்குகிற நேரத்தில் ஏலைத் தாராளமாக ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கினேன். வோல்ற்றர் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார். முகம் ஒரு பக்கமாகப் போனது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே நின்றது.

"புவனா," என்றார் கென், "பியர் முதலே போகோணும். கசப்பு வத்தி ஓடோணும். உது தேங்காய்ப்பால் இல்லை."

அதை அவர் உண்மையில் ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னார் என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை.

3. எங்கட பேக்கரி

என் கணவர் சிவராசா பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நல்ல மனிதர். ஆனால் மனைவி பப்பில் வேலை செய்கிறாள் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. முதலில் கோயிலில் யாரோ கேட்டபோது, "இவ பை செய்யிறா" என்று உண்மையைத்தான் சொன்னார். கேட்டவர்கள் தைக்கிற பை என்று விளங்கிக்கொண்டார்கள். ஒரு அன்ரி என்னைப் பிடித்து, "பிள்ளை, எனக்கு நல்ல ஸிப் வைச்ச ஹாண்ட்பாக் ஒண்டு மலிவா எடுத்துத் தருவீரே?" என்று கேட்டார்.

அதன் பிறகு சிவராசா தெளிவாகச் சொல்லத் தொடங்கினார்: "பேக்கரியில வேலை." அன்றிலிருந்து நாங்கள் இருந்த மோர்னிங்சைட் முழுவதும் எனக்குப் பிறந்தநாள் கேக் ஓடர் வந்தது. பப்பில் நாள் முழுக்க வெங்காயம் உரித்துவிட்டு வந்து, வீட்டில் மற்றவர்களின் பிள்ளைகளுக்காக ஐசிங்கில் டைனோசர் கீறினேன். என் டைனோசர்கள் எல்லாம் பசுமாடு மாதிரியே வந்தன.

4. மச்சாள்

சிவராசாவுக்கு ஒரு அக்கா. எனக்கு மச்சாள். வன்னியில் மருத்துவிச்சியாக இருந்தவர். போர் முடிந்த அந்த வசந்த காலத்தில் மாதக்கணக்காக அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. கென் ஒன்றும் கேட்காமல் பாரில் இருந்த ரீவியில் ஹொக்கியை நிறுத்திவிட்டுச் செய்தியைப் போட்டு வைப்பார். யாரும் முணுமுணுக்கவில்லை. போர் முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் சில கிழமை கழித்துத்தான், முகாமிலிருந்து யாருடையதோ ஃபோனில் அவருடைய குரல் வந்தது. "இருக்கிறன்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் விசிற்றர் விசாவில் எங்களிடம் வந்தார். எங்கள் அபார்ட்மென்ற் ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்களைப் பார்ப்பார். கேட்டால் பதில் சொல்வார். தானாக ஒன்றும் பேசமாட்டார். சோறு வைத்தால் மூன்று வாய். இடியப்பம் வைத்தால் ஒன்று. நான் தெரிந்த எல்லாவற்றையும் சமைத்துப் பார்த்துத் தோற்றேன். சமைக்கிறவளுக்கு அதைவிடக் கேவலம் இல்லை. பயமாகவும் இருந்தது.

ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "புவனா, நான் உன்ர பேக்கரியை ஒருக்காப் பாக்கோணும்."

வந்த பிறகு அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. மறுக்க முடியுமா? சிவராசா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"இஞ்சேரும், வேற ஏதும் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போவம். நீர் உள்ளுக்குப் போய் அவைக்குக் கை காட்டும்."

"உங்களுக்கு விசரே? ஆர் எண்டு தெரியாத மனிசி உள்ளுக்கு வந்து கை காட்டினா அவை பொலிசுக்கு ஃபோன் அடிப்பினம்."

கடைசியில் கென்னிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"பேக்கரி தானே? வியாழன் மத்தியானம் கூட்டிக்கொண்டு வாரும். நான் செய்து காட்டுறன்."

5. நுரைக்கிற தேத்தண்ணி

அந்த வியாழக்கிழமை நான் பப்புக்குள் போனபோது எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பியர் குழாய்கள் எல்லாவற்றுக்கும் கென் துவாய் கட்டியிருந்தார். பல்வலியில் முகத்தைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்கள் மாதிரி இருந்தன. டார்ட்ஸ் பலகைக்கு மேல் ஒரு ஏப்ரன் தொங்கியது. மதுப் போத்தல்களை மறைக்க அவற்றுக்கு முன்னால் பாண் அடுக்கியிருந்தார். சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய, துண்டு போட்ட, பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றாத பாண்.

வோல்ற்றரைப் போகச் சொல்லியிருக்கிறார், அவர் மறுத்துவிட்டார். ஆகவே ஸ்ரவுட்டை ஒரு ரீபொட்டில் ஊற்றி, பூப்போட்ட கோப்பையும் சோசரும் கொடுத்து மூலையில் உட்கார வைத்திருந்தார். வோல்ற்றர் சின்ன விரலை நீட்டிக்கொண்டு குடித்தார்.

மச்சாளுக்காக நான் தனியாக ஒரு பை செய்திருந்தேன். ஆட்டிறைச்சி, ஏலுக்குப் பதிலாக ஸ்ரவுட். முதலிலேயே ஊற்றி, கிரேவி கரண்டியில் ஒட்டும்வரை வற்றவிட்டேன். வோல்ற்றர் உப்புப் பார்த்து, சரி என்று கட்டைவிரலைக் காட்டியிருந்தார்.

சிவராசா லீவு எடுத்து அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெளியில் நல்ல குளிர். சிவராசாவின் முகத்தில் வியர்வை. கென் பழகி வைத்திருந்த ஒரே தமிழ்ச் சொல்லை "வாணாக்காம்" என்று சொல்லிக் கும்பிட்டார். மச்சாள் ஜக்கெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார். நான் பையைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. வோல்ற்றரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உந்த மனிசன் குடிக்கிற தேத்தண்ணி ஏன் உப்பிடிக் கறுப்பு?"

"பிளேன் ரீ அக்கா. இஞ்சத்தையான் சாயம் கூட."

"நுரைக்குது."

"கோப்பையைச் சோப் போட்டுக் கழுவினவை. வடிவா அலசேல்லைப் போல."

"மீசையிலயும் நுரை நிக்குது."

சிவராசாவிடம் அதற்குமேல் பொய் இருப்பில் இல்லை. மச்சாள் எழுந்து நேரே மூலைக்குப் போனார். வோல்ற்றரின் கையிலிருந்த கோப்பையை வாங்கினார். வாழ்நாள் முழுக்க ஸ்ரீட்காரில் எல்லா வகை ஆட்களையும் ஏற்றி இறக்கிய வோல்ற்றர், ஒரு எதிர்ப்பும் காட்டாமல் கொடுத்துவிட்டார். மச்சாள் மணந்து பார்த்தார். பிறகு பாருக்குப் போய், ஒவ்வொரு குழாயாகத் துவாயை அவிழ்த்தார், காயத்துக்குக் கட்டின துணியை அவிழ்க்கிற மாதிரி நிதானமாக.

"உது ஸ்ரவுட்டெல்லோ!"

சிவராசா பாண் அடுக்குக்குப் பின்னால் போக இடம் தேடினார்.

"பிள்ளை பெத்துப் பலவீனமாக் கிடக்கிற பெட்டையளுக்கு எங்கட பழைய டொக்ரர் ஸ்ரவுட் குடுக்கச் சொல்லுவார். முட்டை அடிச்சுக் கலந்து நான்தான் பருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு அழுவாளவை. 'குடியடி, பிள்ளைக்குப் பால் ஊறும்' எண்டு ஏசி ஏசிக் குடுப்பன்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒருநாளும் நான் வாயில வைச்சுப் பாத்ததில்லை. ஒரு கிளாஸ் தரச் சொல்லு."

மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. கென் ஏற்கனவே ஊற்றிக்கொண்டிருந்தார். ஸ்ரவுட் அடங்கும்வரை காத்திருந்து, மேலே நுரை நிரப்பி, இரண்டு கையாலும் கொண்டுவந்து வைத்தார். மச்சாள் மருந்து குடிக்கிறவர் மாதிரிக் கண்ணை மூடி ஒரு வாய் குடித்தார்.

"சீ! கடவுளே, உதையே நான் அதுகளுக்குக் குடுத்தனான்?"

சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "பாவியள், எப்பிடிக் குடிச்சவளவை! ஒருத்தியும் என்னை அடிக்கேல்லையே!" கென் சிரித்தார், வோல்ற்றர் சிரித்தார், என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. கனடாவுக்கு வந்த பிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன்.

அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுகளில ஆரார் இப்ப இருக்கினமோ" என்றார். முள்ளுக்கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, கையாலேயே பையின் மூடியை உடைத்தார்.

ஆவி எழும்பியது. ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். மூன்றோடு நிற்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது வாய் போனது. இடையில் ஸ்ரவுட்டை எடுத்து இன்னொரு மிடறு குடித்தார். "இறைச்சியோட குடிச்சா உது வேற மாதிரி இருக்கு" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. அடிப் பேஸ்ரியால் கிரேவியை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டு முடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. உப்புத்தான் காணாது."

அதை மட்டும் நான் வோல்ற்றருக்கு மொழிபெயர்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உப்பு அளவாத்தான் இருக்கு! நான் பாத்தனான்!" என்று எழுந்தார். மச்சாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குனிந்து அவருடைய கணுக்காலை விரலால் அமத்தினார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. "பார், கால் வீங்கிக் கிடக்கு. உப்புத் தின்னக்கூடாத மனிசன் உப்புப் பாத்தா உப்பிடித்தான் இருக்கும்" என்று தமிழிலேயே ஏசினார். அவர் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். இரண்டு பேரும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காமல் நெடுநேரம் சண்டை பிடித்தார்கள்.

6. அதற்குப் பிறகு

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மச்சாள் குறட்டை விட்டு நித்திரை கொண்டார். சிவராசா இரண்டு சீற் தள்ளி உட்கார்ந்து, யாரோ ஒருவர் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மச்சாள் எல்லோருக்கும் கேட்கக்கூடியதாக, "புவனா பேக்கரியில இல்லை, பப்பில. அருமையாச் சமைக்கிறாள்" என்றார். கேக் ஓடர் அன்றோடு நின்றது. அதற்குப் பதிலாக, கோயிலில் கண்ட சில அண்ணைமார் மத்தியான நேரங்களில் தலையைக் குனிந்துகொண்டு பப்புக்கு வரத் தொடங்கினார்கள். ஒருவரையொருவர் கண்டதும், "பை வாங்கத்தான் வந்தனான்" என்பார்கள்.

விசா முடியும்வரை வியாழன் தவறாமல் மச்சாள் வந்தார். அரைக் கிளாஸ் ஸ்ரவுட், ஒரு பை, வோல்ற்றரோடு ஒரு சண்டை. உப்புப் பார்க்கும் பதவி அவருக்குப் போனது. வீட்டிலும் மூன்று வாய் போய், மெல்ல மெல்ல ஒரு தட்டுச் சோறாயிற்று.

கிச்சன் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் அதிலிருந்து படித்த ஒன்றைத்தான் சொல்வேன். போர் முழுவதையும் கடந்து வந்த ஒரு மனுசி, பியர் குழாயைக் கண்டால் அதிர்ந்துபோவார் என்று வளர்ந்த மூன்று பேர் பயந்து, துவாய் கட்டும் அளவுக்குப் போனோம். சாப்பிட வருகிறவருக்கு எது ஆகும், எது ஆகாது என்பதை நாங்கள் முடிவெடுக்கக் கூடாது. சமைத்ததை முன்னால் வைக்க வேண்டும். அவர் வாய் திறந்து என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும். உப்புக் காணாது என்றால், உப்பைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.