‘கை எங்க இருக்கு?’ – செல்லமுத்து சேர் நினைவாக

ஒரு சொல்லுக்கு இல்லாத பொருளை, ஒருவருடைய வேலையைக் காப்பாற்றுவதற்காக, உண்டென்று எழுதிக் கொடுக்கலாமா? மொழியைப் படித்து, மொழியைக் கற்பித்தே பிழைப்பவள் என்ற முறையில் இதற்கு என்னிடம் ஒரு விடை இருந்திருக்க வேண்டும். இல்லை. சென்ற செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி வந்தபோதும் இருக்கவில்லை. இதை எழுதும் இப்போதும் இல்லை.

அழைத்தவர் செல்லமுத்து சேரின் மனைவி. நான் பேராதனையில் என் அலுவலகத்தில் விடைத்தாள்களோடு இருந்தேன். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் மறுபடி கண்விழிக்கவில்லை என்றார். குரல் நிதானமாகத்தான் இருந்தது. சற்றுப் பொறுத்து, “சனிக்கிழமை கிளாசுக்கு ஆளுங்க வருவாங்களே மிஸ், அவங்களுக்கு யாரு சொல்றது?” என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். 

சேரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். அவர் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். மலையகப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டி பஸ் நிலையத்துக்கு எதிரே, பாதணிக் கடையொன்றின் மேல்மாடியில், வேலைசெய்யும் பெரியவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் ஓர் ஆங்கில வகுப்பு நடத்திவந்தார். ஹோட்டல் பணியாளர்கள், கடைச் சிப்பந்திகள், காவலாளிகள், தாதிமார், வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள் எல்லாரும் அங்கே வருவார்கள். இலக்கணம் எடுக்க ஓர் ஆள் தேவை என்று அவர் கேட்டதால் நானும் போகத் தொடங்கினேன். சில மாதங்கள் என்று நினைத்துப் போனது பல ஆண்டுகளாயிற்று.

அந்த வகுப்பின் உயிர், ஒன்றுக்கொன்று மாறிப்போகும் ஆங்கிலச் சொற்கள்தாம். எங்கள் ஆட்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது சேருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தமிழில் கொடுப்பதும் கடன், வாங்குவதும் கடன். ஆங்கிலத்தில் கொடுப்பவர் செய்வது ‘லெண்ட்’, வாங்குபவர் செய்வது ‘பொரோ’. நமக்கு நினைப்பதும் ஞாபகம், நினைவூட்டுவதும் ஞாபகம். அவர்களுக்கு முன்னது ‘ரிமெம்பர்’, பின்னது ‘ரிமைண்ட்’. வேலையைச் செய்ய மறுத்தாலும் குற்றத்தை மறுத்தாலும் நாம் மறுத்ததாகவே சொல்கிறோம். அவர்களோ முதலாவதை ‘ரெஃபியூஸ்’ என்றும் இரண்டாவதை ‘டினை’ என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். சேர் இவற்றைப் பட்டியல் போட்டு மனனம் செய்யச் சொன்னதில்லை. இரண்டு பேரை எழுப்பி முன்னால் நிறுத்துவார். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: “கை எங்க இருக்கு?”

நான் முதன்முதலில் பார்த்த வகுப்பில் ஒரு குடை நடுவில் இருந்தது. அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் றிஸ்வான் கையில் குடை. அவருக்கு எதிரே ஒரு காவலாளி. கை வெளியே போனால் லெண்ட், கை உள்ளே வந்தால் பொரோ என்று இருவரையும் மாறி மாறிச் செய்யவைத்தார் சேர். றிஸ்வானுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

“சேர், நான் எந்தச் சொல்லைச் சொன்னாலும் குடை என்ட கையிலதானே ஈக்கிது?”

“இப்ப இருக்கு. மழ விட்ட பொறகு அது யாரோடதுன்னு சண்ட வரும்ல, அப்ப பார்ப்போம்.”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வளர்ந்தவர்களைப் பாலர் பாடசாலைப் பிள்ளைகள் போல நடத்துவதாக எனக்குத் தோன்றியது. வகுப்பு முடிந்ததும் அவரிடமே அதைச் சொன்னேன். பொருளாதாரம் சார்ந்ததை ‘இக்கொனொமிக்’ என்றும் சிக்கனமானதை ‘இக்கொனொமிக்கல்’ என்றும் சொல்கிறோமே, அதில் கை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“கை இல்லாத சொல்லையெல்லாம் நீங்க எடுத்துக்குங்க மிஸ். கை உள்ளது எனக்குப் போதும்.”

உண்மையாகவே அப்படித்தான் பங்கிட்டுக்கொண்டோம். ஆனால் என் பங்கிலும் அவர் அவ்வப்போது கைவைப்பார். இடைவிடாமல் நிகழ்வதற்கும் விட்டுவிட்டு நிகழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை நான் கரும்பலகையில் நிரப்பிக்கொண்டிருந்த ஒருநாள், பின்வரிசையிலிருந்து, திறந்துவிட்ட குழாய் ‘கன்டினியுவஸ்’, வாஷர் தேய்ந்து சொட்டுகிற குழாய் ‘கன்டினியுவல்’ என்றார். அன்று நான் எழுதியது ஒருவருக்கும் நினைவிருக்காது. குழாய் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

காலப்போக்கில் அந்தக் கைகள் வகுப்பை விட்டு வீதிக்கும் வந்தன. பழைய மாணவர்கள் சேரைக் கண்டால் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக ஒரு சைகை செய்வார்கள். ஒரு பஸ் நடத்துநர் மிதிபலகையில் தொங்கியபடி பக்கத்திலிருப்பவரின் தோளைத் தட்டிக் காட்டுவார். அது ரிமைண்ட். மார்க்கெட்டில் ஒருவர் வெறுங்கை இரண்டையும் விரித்துக் காட்டுவார். அது டினை. பார்க்கிறவர்கள் இவர்களெல்லாம் காது கேளாதவர்கள் என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். சேருக்கு அதில் இரகசியமான பெருமை இருந்தது.

இனி யோகேஸ்வரியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரை விட்டுவிட்டு எழுதினால் இது சேரைப் பற்றிய கட்டுரையாக இராது.

யோகேஸ்வரி கலஹாவைச் சேர்ந்தவர். நகரத்து ஹோட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. தகப்பன் இல்லை. தாயும் தம்பியும் அந்தச் சம்பளத்தில்தான் இருந்தார்கள். வகுப்பில் குரலெழுப்பிப் பேசமாட்டார். ஆனால் கரும்பலகையில் இருப்பதை யாருக்கும் முன்னதாக எழுதி முடித்துவிடுவார்.

ஒருநாள் ஹோட்டலில் ஓர் அறையின் குளியல் தொட்டி நிரம்பி வழிந்து, கீழறையின் உட்கூரை பழுதாகிவிட்டது. தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டி கழுவிக்கொண்டிருந்தவரை மேற்பார்வையாளர் இடையில் வேறு மாடிக்கு அழைத்திருக்கிறார். பழி யோகேஸ்வரி மேல் விழுந்தது. விளக்கம் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் கொடுத்தார்கள். அவர் யாரிடமும் காட்டாமல், தானே ஆங்கிலத்தில் பதில் எழுதினார். அவ்வளவு காலம் வகுப்புக்கு வந்ததற்கு அது அவருக்கு ஒரு பரீட்சை மாதிரி இருந்திருக்கும்.

உங்கள் குற்றச்சாட்டுகள் என் கைக்குக் கிடைத்தன என்று எழுத நினைத்தார். அதற்குரிய சொல் ‘ரிசீவ்’. அவர் பார்த்த சிறிய அகராதியில் அதற்கும் ‘அக்செப்ட்’டுக்கும் ‘ஏற்றுக்கொள்’ என்றே போட்டிருந்ததாம். அவர் அக்செப்ட் என்று எழுதினார். குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொள்கிறேன் என்றாகிவிட்டது. மேற்பார்வையாளர் அழைத்ததைப் பற்றி அடுத்த வரிகளில் சரியாகவே எழுதியிருந்தார். முதல் வரிக்குப் பிறகு யாரும் வாசிக்கவில்லை.

விசாரணைக்குச் சேர் கூடப் போனார். அங்கு நடந்ததைப் பின்னர் சேரும் சொன்னார், யோகேஸ்வரியும் சொன்னார். இரண்டிலும் வேறுபாடு இருக்கவில்லை. முகாமையாளர் கெட்ட மனிதரல்லர். அந்தப் பெண்ணை வைத்துக்கொள்ள அவருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. இந்த ‘அக்செப்ட்’டுக்கு ‘கிடைத்தது’ என்ற பொருளும் உண்டென்று ஆசிரியர் என்ற முறையில் நீங்கள் எழுதிக் கையெழுத்திட்டால், நான் அதைக் கோப்பில் போட்டு விஷயத்தை முடித்துவிடுவேன் என்றார்.

சேர் எழுதவில்லை. இந்தப் பெண் நினைத்தது வேறு, எழுதியது வேறு, அந்தப் பாடத்துக்கு நாங்கள் இன்னும் வரவில்லை, வேண்டுமானால் அதை எழுதித் தருகிறேன் என்றார். அது முகாமையாளருக்குப் போதவில்லை. யோகேஸ்வரிக்கு வேலை போயிற்று.

திரும்பும் வழியில், வாவிக்கரை மதிலோரம் நின்று, சேர் அந்தச் சொல் ஜோடியை அவருக்குக் கையால் காட்டியிருக்கிறார். உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தால் ரிசீவ். வருவது வந்து அதில் விழும், அவ்வளவுதான். விரல்கள் மடங்கி அதைப் பிடித்துக்கொண்டால்தான் அக்செப்ட். யோகேஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, “இத முந்தியே காட்டியிருக்கலாமே சேர்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதன் பிறகு வகுப்புக்கு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை சேர் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாமே, அகராதி என்ன வேதமா என்று கேட்டேன்.

“எழுதியிருந்தா, அடுத்த கிழமை இங்க நின்னு நான் எதச் சொல்லிக் குடுக்கிறது மிஸ்?”

“அதற்காக அந்தப் பிள்ளை வேலையை இழக்க வேண்டுமா?”

 அந்தப் பேச்சு எங்களுக்கிடையில் ஒருபோதும் முடியவில்லை. அவர் சொன்னது சரி என்று சில நாட்கள் நினைப்பேன். இன்னும் சில நாட்கள், நேர்மை என்பது சம்பளத்தை இழக்காதவர்களுக்கு எளிது என்று நினைப்பேன்.

ஒன்று மட்டும் மாறியது. அதுவரை அந்த ஜோடி பாடநெறியின் கடைசியில் இருந்தது. அதன் பின்னர் ஒவ்வொரு புதிய வகுப்பையும் சேர் அதைக்கொண்டே தொடங்கினார். பெயர்கூடக் கேட்க முன்னர், வந்தவர்களைக் கையை விரிக்கச் சொல்வார். ஏனென்று புதியவர்களுக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

இரண்டு தடவை கலஹாவுக்குப் போனார். யோகேஸ்வரியின் தாய் தேத்தண்ணி கொடுத்து உபசரித்தார். யோகேஸ்வரி உள்ளேயிருந்து வரவில்லை. இரண்டாம் தடவை திரும்பிவந்த பிறகு சேர் அங்கே போவதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் வகுப்பில் படியேறி வரும் ஒவ்வொரு காலடிக்கும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார். மழைக்குப் பயந்து ஏறிவருகிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

அவர் உயிரோடிருந்த கடைசிச் சனிக்கிழமை, கதவைப் பூட்டிக்கொண்டிருக்கையில், “யோகேஸ்வரிய எங்கயாச்சும் கண்டா சொல்லுங்க மிஸ்,” என்றார். “இப்ப மொத நாளே காட்டிர்றேன்னு சொல்லுங்க. மன்னிப்புக் கேட்டேன்னும் சொல்லுங்க.”

நீங்களே சொல்லுங்களேன் என்றேன். “நான் போனா வெளிய வராது,” என்றார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

வியாழக்கிழமை சேரின் உடலைக் கட்டுகஸ்தோட்டை வீட்டிலிருந்து மகியாவையிலுள்ள மயானத்துக்குக் கொண்டு போனோம். ஒழுங்கை நெடுகிலும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். பேசியவர்கள் பலர். அவரால் ஒருவருக்கும் ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் தலையசைத்தார்கள். நான் கூட்டத்தில் யோகேஸ்வரியைத் தேடினேன். அவர் வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. றிஸ்வான் தன் குடையை என்னிடம் நீட்டினார். தாடி நரைத்துப்போய்விட்டது அவருக்கு. “லெண்ட், மிஸ்,” என்றார். கை வெளியே போவதை எனக்குக் காட்டுவதற்காக ஒரு கணம் அப்படியே நீட்டிப் பிடித்திருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நனைந்தபடி வீதியில் நின்ற வான் வண்டிக்குப் போனார்.

அந்தக் குடையின் கீழ் நின்று மனதுக்குள் அவரிடம் சொன்னேன்: சேர், உங்களோடு நான் உடன்பட்டதைவிட உடன்படாததே அதிகம். அதை நீங்கள் ஒருபோதும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. இனி அந்த மாடியில் கை உள்ள சொற்களையும் நான்தான் எடுக்கவேண்டும். உங்களைப் போல எனக்கு வராது. அமைதியாக இருங்கள். நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லாமல் வைத்திருக்கமாட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நான் விடுமுறை எடுத்துக்கொண்டு பேராதனையிலிருந்து கலஹாவுக்குப் பஸ்ஸில் போனேன். யோகேஸ்வரி கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நிற்பதாக வழியில் விசாரித்ததில் தெரிந்தது. மேசையில் பூப்போட்ட சீத்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “வாங்க மிஸ்,” என்றார். கதிரை எடுத்துப் போட்டார். நான் சொல்லத் தொடங்குமுன் அவரே சொன்னார்.

“தெரியும் மிஸ். அன்னைக்கே போன் வந்துச்சு. போகல்ல.”

ஏனென்று நான் கேட்கவில்லை. சேர் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த ஜோடியைத்தான் முதலில் காட்டிவந்தார் என்றேன்.

“மொத நாளேவா?”

“முதல் நாளே. பெயர் கேட்பதற்கு முன்னமே.”

யோகேஸ்வரி மடித்த துணியை மறுபடி மடித்தார். சேர் மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொன்னேன்.  யோகேஸ்வரி துணியைத் தள்ளி வைத்துவிட்டு, வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தார். உள்ளங்கை முழுவதும் விரிந்திருந்தது. நான் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை மடங்கவில்லை.

கடைக்கு ஓர் அம்மா வந்து பாவாடைத் துணி கேட்டார். யோகேஸ்வரி அந்தக் கையால் அளவுகோலை எடுத்தார். நான் அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.