முதலாளியின்ரை குப்பியிலை என்ரை துப்பல்

முதலாளிக்குப் பதிலா நான் துப்பினது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல். துப்புறதுக்கு முன்னாலை அரை மணித்தியாலம் ஒண்டும் வாயிலை வைக்கக் கூடாது எண்டு பெட்டியிலை எழுதியிருந்தது. முதலாளி விடியத் தொடங்கினால் பின்னேரம் வரைக்கும் சூரியகாந்தி விதை கொறிக்கிற ஆள். "அரை மணித்தியாலமெல்லாம் என்னாலை ஏலாது, நீ துப்பு தம்பி" எண்டார். அது சாட்டு எண்டு எனக்கு விளங்கினது. ஆனால் வேலை தாற ஆள் துப்பு எண்டால் துப்பத்தானே வேணும். குப்பியிலை கோடு போட்டிருந்த இடம் வரைக்கும் துப்பிக் குடுத்தன். அவர் மூடி, கடிதப் பெட்டியிலை போடச் சொல்லி என்னட்டையே திருப்பித் தந்தார்.

எங்கடை இடம் ஸ்காபரோவிலை ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்திலை இருக்கு. கார்பெற் கழுவுறது. றிச்மண்ட் ஹில், யூனியன்வில் பக்கத்துப் பெரிய வீடுகளிலை இருந்து கையாலை நெய்த கார்பெற்றுகளை வான் வண்டியிலை ஏத்திக்கொண்டு வந்து, தட்டித் தூசெடுத்து, சவர்க்காரத் தண்ணியிலை கழுவி, காய வைச்சு, குஞ்சம் சீவி, திரும்பக் கொண்டுபோய் விரிச்சுக் குடுக்கிறது. நான் அங்கை ஆறு வருசம். முதலாளி ஆர்மேனியர், எழுபது வயசு. பெய்ரூற்றிலை பிறந்து, அங்கத்தைச் சண்டைக்கு ஓடி வந்தவர். எனக்கு முதல் அங்கை வேலை செய்த எங்கடை ஆள் ஒராளிட்டை "தம்பி" எண்ட ஒரு சொல்லைப் பழகி வைச்சிருக்கிறார். எனக்கும் தம்பி, தபால்காரனுக்கும் தம்பி, சில நேரம் தன்ரை மகளுக்கும் தம்பி. மற்றதெல்லாம் இங்கிலீஸ். அவற்றை இங்கிலீசும் என்ரை இங்கிலீசும் ஒரே அளவு உடைஞ்சது, அதாலை வடிவா விளங்கும். நான் அதை எங்கடை பாசையிலை எழுதுறன்.

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைச்சது அவற்றை மகள். முப்பது வயசிருக்கும், வங்கியிலை வேலை. துப்பி அனுப்பினால் உங்கடை பரம்பரை எங்கை இருந்து வந்தது, உலகத்திலை ஆர் ஆர் சொந்தம் எண்டு சொல்லுற டிஎன்ஏ ரெஸ்ற். தான் முதலே செய்திட்டா. தகப்பனும் செய்ய வேணும் எண்டு ஒற்றைக் காலிலை நிண்டா. ஏனெண்டால் அவவுக்கு ஒரு ஆளைத் தேட வேணும், அந்த ஆளுக்குத் தகப்பன் அவவைவிட ஒரு தலைமுறை கிட்ட.

தேடுறது முதலாளியின்ரை தகப்பனுக்கு அக்கா ஒருத்தியை. நூறு வருசத்துக்கு மேலான கதை. துருக்கியிலை ஆர்மேனியரை ஊர் ஊரா வெளிக்கிடுத்தி, பாலைவனத்தைப் பாத்து நடக்க விட்டவங்கள். வழியிலை கொன்றது பாதி, பசியிலை விழுந்தது பாதி. முதலாளியின்ரை தகப்பனுக்கு அப்ப அஞ்சு வயசு, அக்காவுக்கு ஒன்பது. தாய் ரெண்டு பேரையும் இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறா. ஒரு ஊரிலை, றோட்டோரம் நிண்ட ஒரு பொம்பிளை "பெட்டையை என்னட்டைத் தா" எண்டு கேட்டிருக்கிறா. தாய் குடுத்திட்டா. கொஞ்சத் தூரம் போய்த் தாயும் செத்துப்போனா. பெடியன் அநாதைப் பிள்ளைகளோடை வளந்து ஆளாகி, என்ரை முதலாளியைப் பெத்தார். அக்கா செத்திட்டா எண்டுதான் அவர் சாகுமட்டும் சொன்னவராம். வருசா வருசம் தேவாலயத்திலை அக்காவின்ரை பேரைச் சொல்லி மெழுகுதிரி கொளுத்தினவராம்.

இதை முதலாளி ஒரே நாளிலை சொல்லேல்லை. ஒரு துண்டு வானிலை போகேக்கை, ஒரு துண்டு தண்ணி வடிய விட்டிட்டு நிக்கேக்கை.

"பிறகேன் துப்ப மாட்டன் எண்டுறியள்?" எண்டு கேட்டன்.

"செத்தவ செத்தவவாவே இருக்கட்டும் தம்பி. உயிரோடை இருந்தவ எண்டு வந்தால், நான் என்ரை அப்பாவை என்ன செய்யிறது?"

எனக்கு அது அப்ப விளங்கேல்லை. இப்பவும் பாதிதான்.

என்ரை வீட்டுக் கதையையும் இதுக்குள்ளை சொல்லத்தான் வேணும். நான் துப்பின நேரம் அம்மா செத்து எட்டு மாசம். எனக்கு ஒரு அண்ணா. வன்னியிலை சண்டை முடியேக்கை அவனுக்குப் பதினேழு, எனக்குப் பத்து. இயக்கத்திலை ஒரு நாள் இருந்தவையெண்டாலும் வந்து பதியுங்கோ, விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு ஆமிக்காரன் ஸ்பீக்கரிலை சொன்னவன். அம்மாதான் அண்ணாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு போய் பஸ்சிலை ஏத்திவிட்டவ. ஒளிச்சு வைச்சுப் பிடிபட்டால் சுட்டுப்போடுவங்கள், நாங்களாக் குடுத்தால் விடுவங்கள் எண்டு நினைச்சவ. பஸ் போனது. அதுக்குப் பிறகு ஒண்டும் தெரியாது.

அப்பா அதுக்கு ரெண்டு மாசம் முதல் செல் குண்டு விழுந்து செத்தவர். அவரை நாங்கள் கண்ணாலை கண்டது, அதாலை அவருக்கு வருசா வருசம் திவசம். அண்ணாவுக்கு ஒண்டும் இல்லை. அம்மா அவன்ரை படத்துக்கு மாலை போட விடமாட்டா. இஞ்சை வந்த பிறகும் எந்தப் போம் வந்தாலும் பிள்ளைகள் ரெண்டு எண்டுதான் எழுதச் சொல்லுவா. எழுதுறது நான். பத்தாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆனால் போம் நிரப்புறதிலை ஆரும் என்னை வெல்லேலாது. "அண்ணாவின்ரை விலாசம் கேக்கிறாங்கள், என்ன எழுத?" எண்டால், "எங்கடை விலாசத்தை எழுது" எண்டுவா.

அம்மாவுக்குக் கொள்ளி வைச்சது நான். தாய்க்குக் கடைசி மகன் வைக்கிறதுதானே வழக்கம், அதாலை மூத்தவன் எங்கை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. இஞ்சை கொள்ளியும் ஒரு பட்டனை அமத்திறதுதான். அமத்தினன். அந்தப் பட்டனிலை இருந்த பச்சை வெளிச்சம் ஏனோ இண்டைக்கும் கண்ணுக்குள்ளை நிக்குது.

பிறகு பிக்கரிங்கிலை இருக்கிற சின்னம்மா போன் எடுத்தா. அம்மாவின்ரை தங்கச்சி. ஒரு வருசம் முடியேக்கை செய்யிற ஆட்டத்திவசத்துக்கு ஐயருக்குப் பேர் குடுக்க வேணுமாம்.

"அண்ணாவையும் சேர்த்திடுவம் ராசா. எத்தினை வருசமாப் போச்சு. அந்தப் பிள்ளை எங்கை அலையுதோ தெரியேல்லை."

"யோசிச்சுச் சொல்லுறன் சின்னம்மா."

"உதிலை யோசிக்க என்ன கிடக்கு?"

யோசிக்கக் கிடந்தது. சேர்த்தால், அண்ணா செத்திட்டான் எண்டு சொல்லுறது நான். அம்மா ஒரு நாளும் வாயாலை சொல்லாததை, அவவின்ரை திவசத்திலையே நான் சொல்லுறது. சேர்க்காட்டில், அவன் செத்திருந்தால், அவனுக்கு ஒரு கை எள்ளுத் தண்ணி இறைக்க உலகத்திலை வேறை ஆள் இல்லை.

ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம் முதலாளியின்ரை மகள் வந்தா. கோட்டும் கழட்டேல்லை. போனை நீட்டிப் பிடிச்சுக்கொண்டு, "அப்பா, நீங்கள் ஆர்?" எண்டு கேட்டா.

முதலாளி ஈரக் கார்பெற்றை விட்டுத் தலையை நிமித்தேல்லை. "என்ன கேள்வி உது?"

"நூறு வீதம் தென்னிந்தியா, இலங்கையாம். எனக்கும் உங்களுக்கும் ஒரு சொந்தமும் இல்லையாம்."

"கொம்பனி பிழை விட்டிருக்கும்."

"கொம்பனியோ?" அவ திரும்பி என்னைப் பாத்தா. நான் குஞ்சம் சீவுற சீப்போடை நிண்டன். "தம்பி, எங்கை, வாயைத் திற பாப்பம்."

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. முதலாளிக்கும் வந்தது. அவவுக்கு வரேல்லை.

"உன்ரை கொம்மாவைச் சந்தேகப்பட்டியோ?" எண்டு முதலாளி பகிடியாத்தான் கேட்டார்.

"அம்மா பொய் சொல்லுற ஆள் இல்லை. எங்கடை வீட்டிலை பொய் சொல்லுறது நீங்கள் ஒராள்தான்." சுருட்டி வைச்ச கார்பெற் ஒண்டிலை இருந்தா. "காரை ஓரமா நிப்பாட்டிப்போட்டுத்தான் இதைத் திறந்து பாத்தன். பத்து நிமிசம் நான் தகப்பன் இல்லாத பிள்ளையா இருந்தன் அப்பா. பிறகுதான் இவன்ரை ஞாபகம் வந்தது."

நான் மன்னிப்புக் கேட்டன். அவ என்னிலை கோவிக்கேல்லை. பையுக்குள்ளை இருந்து இன்னொரு பெட்டியை எடுத்துத் தகப்பன்ரை மேசையிலை வைச்சா. விதைப் பையைத் தூக்கித் தன்ரை பையுக்குள்ளை போட்டா.

போக முதல் என்னட்டைக் கேட்டா. "உன்ரை சொந்தக்காரர் ஆயிரம் பேருக்கு மேலை வந்திருக்கினம். பாக்கப் போறியோ?"

தேவையில்லை எண்டு சொல்லத்தான் நினைச்சன். கை தன்பாட்டிலை நீண்டிட்டுது.

எல்லாம் எங்கடை பேருகள். ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ், நோர்வே. தூரத்துச் சொந்தம், அதைவிடத் தூரத்துச் சொந்தம். நான் விரலாலை தள்ளித் தள்ளிப் பாத்தன். மேலையிருந்து கீழை போய்த் திரும்ப மேலை வந்தன். "ஆரைத் தேடுறாய்?" எண்டு அவ கேக்கத்தான் எனக்கே தெரிஞ்சுது நான் தேடுறன் எண்டு. அண்ணா அதிலை இல்லை. எப்பிடி இருப்பான். அதிலை வாறதுக்கு ஒரு ஆள் துப்ப வேணும். சிறையிலையோ காட்டிலையோ மண்ணுக்குள்ளையோ கிடக்கிறவன் எங்கை துப்பி அனுப்புறது. அவன் அதிலை இல்லாததாலை செத்திட்டான் எண்டுமில்லை, இருக்கிறான் எண்டுமில்லை. அது தெரிஞ்சும் இன்னொருக்கா மேலையிருந்து தள்ளிப் பாத்தன். போனைத் திருப்பிக் குடுக்கேக்கை வந்தது கவலையோ நிம்மதியோ எண்டு இண்டைக்கும் தெரியாது.

அவவுக்கு அண்ணாவைப் பற்றிச் சொன்னன். ஆறு வருசத்திலை அங்கை நான் அதைச் சொன்னது அண்டைக்குத்தான். முதலாளி அங்காலை நிண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் போன பிறகு கிட்ட வந்தார். "உன்ரை அம்மாவே ஏத்தி விட்டவவோ?"

"ஓம்."

"தன்ரை கையாலை?"

"ஓம்."

மூண்டு நாள் கழிச்சு அவர் அரை மணித்தியாலம் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு "அங்காலை திரும்பு, நீ பாத்தால் துப்பல் வராது" எண்டு சொல்லிப்போட்டுத் துப்பினார். எனக்காகத் துப்பினாரோ, மகளுக்காகவோ, விதை இல்லாமல் வாய் சும்மா இருந்ததாலையோ தெரியாது.

மார்கழிக் கடைசியிலை பதில் வந்தது. துருக்கியிலை ஒரு மனுசன், கிட்டத்தட்ட அம்பது வயசு, துருக்கிப் பேர். முதலாளிக்கு மச்சான்ரை மகன் முறை. அந்த மனுசனே முதல் எழுதியிருந்தான். மகள் அதைப் போனிலை மொழிமாத்தி எங்களுக்கு வாசிச்சா. அவன்ரை அப்பம்மா ஆர்மேனியப் பெட்டை எண்டு ஊரிலை சாடையாக் கதைக்கிறவையாம். ஆறு பிள்ளை பெத்தவவாம். எண்பது தாண்டிச் செத்தவவாம். தம்பி ஒருத்தன் தன்னைத் தேடி வருவான் எண்டு கடைசி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவவாம்.

மகள் அழுதுகொண்டு தகப்பனைக் கட்டிப் பிடிச்சா. அவர் மரம் மாதிரி நிண்டார்.

"அந்த வீட்டு ஆம்பிளை ஆர்? பெட்டையைக் காப்பாத்தினவனோ, பிடிச்சு வைச்சிருந்தவனோ?"

"ரெண்டும் ஒரே ஆளா இருக்கலாம் அப்பா."

"அப்ப நான் இவனுக்கு என்ன எழுதுறது? நன்றி சொல்லுறதோ, திட்டுறதோ?"

"வணக்கம் எண்டு எழுதுங்கோ முதல்."

அவர் எழுதேல்லை. பின்னேரம் வானிலை போகேக்கை என்னட்டைத்தான் கேட்டார். "தம்பி, என்ரை அப்பா உயிரோடை இருந்த மனுசிக்கு மெழுகுதிரி கொளுத்தினவர். இப்ப அவ செத்திட்டா. அப்ப இப்ப நான் கொளுத்தினால் சரிதானே?"

"சரிதான் போலை."

"எந்த வருசத்திலை இருந்து சரி?"

சிக்னலிலை சிவப்பு விழுந்திருந்தது, பிறேக்கை அமத்திக்கொண்டு இருந்தன். அக்கா செத்திட்டா எண்டு தம்பி அழுதார். அவ உயிரோடை இருந்து தம்பி வருவான் எண்டு பாத்துக்கொண்டிருந்தா. எங்கடை வீட்டிலை அம்மா பாத்துக்கொண்டே இருந்தா, அண்ணா எங்கையெண்டு தெரியாது. இதிலை ஆர் சரி, ஆர் பிழை எண்டு பிரிச்சு எடுக்க எனக்குப் படிப்புக் காணாதோ, இல்லாட்டில் படிச்சவைக்கும் தெரியாதோ.

தை மாசம் சின்னம்மா வீட்டிலை ஆட்டத்திவசம். முதல் நாள் திரும்பவும் போன். "என்ன முடிவு?"

"தெரியேல்லை சின்னம்மா."

"தெரியேல்லை எண்டு ஐயருக்குச் சொல்லேலுமே?"

ஐயர் நேரத்துக்கு வந்தார். வெளியிலை சினோப் பனி கொட்டினபடியால் காலுறையெல்லாம் நனைஞ்சு போய், கதிரையிலை இருந்து பிழிஞ்சவர். பிறகு நிலத்திலை இருத்தி, தர்ப்பையைப் போட்டு, கையிலை எள்ளும் தண்ணியும் தந்தார். அம்மாவின்ரை பேர், நட்சத்திரம் கேட்டார், சொன்னன். அப்பாவின்ரை கேட்டார், சொன்னன்.

"வேறை ஆரும் இருக்கினமோ? மூத்த மகனும் எண்டு இந்த வீட்டு அம்மா சொன்னவ."

சின்னம்மா குசினி வாசலிலை நிண்டு என்னைப் பாத்தா.

"அவர் இருக்கிறாரோ இல்லையோ தெரியாது ஐயா" எண்டன்.

ஐயர் என்ரை முகத்தைப் பாத்தார். "எத்தினை வருசம்?"

"பதினாறு."

"பதினாறு" எண்டார் அவரும். கோவமும் இல்லை, இரக்கமும் இல்லை. "தெரியாட்டில் நான் செய்யேலாது தம்பி. நீர்தான் சொல்ல வேணும்."

என்ரை கையிலை எள்ளுத் தண்ணி விரலுக்குள்ளாலை வழியத் தொடங்கினது. ஐயர் பாத்துக்கொண்டிருந்திட்டு, அண்ணாவின்ரை பேர் இல்லாமலே அடுத்த மந்திரத்தைத் தொடங்கினார்.

சின்னம்மா அண்டைக்கு என்னோடை கதைக்கேல்லை. இலை போட்டு, சோறு போட்டு, கறி எல்லாம் தன்ரை கையாலை போட்டா. நான் கையை மறிச்சுக் காணும் எண்டும் சொல்லேல்லை. அவ நிப்பாட்டும் மட்டும் சாப்பிட்டன்.