ஐந்தாவது சுரம்

தேவாலயத்தின் பக்கத்துத் தெருவில் காரை நிறுத்திவிட்டுப் பின் ஆசனத்திலிருந்த துணிப்பையைத் துழாவினேன். தாள் இருந்தது, பென்சில் இருந்தது, அம்மா திணித்த வாழைப்பழம்கூட இருந்தது. சப்பாத்து இல்லை.

“என்ன பிள்ளை தேடுறாய்?”

“என்ரை ஓர்கன் சப்பாத்து. கோயில்லையே விட்டிட்டு வந்திட்டம்.”

அம்மா சீற் பெல்ட்டைக் கழற்றினார். “கோயில்லை சப்பாத்து துலைஞ்சால் சனியன் துலைஞ்சுது எண்டு நினை. நல்லதுக்குத்தான்.”

அந்த நேரத்தில் அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். எனக்கு வந்த கோபத்தில் காரைப் பூட்டவும் மறந்து இறங்கி நடந்தேன்.

குழாய் ஓர்கனைக் கைகளால் மட்டும் வாசிக்க முடியாது. கீழே நீளநீளமான மரக்கட்டைகள் இருக்கும், அவற்றைக் கால்களால் வாசிக்க வேண்டும். அதற்கென்றே மெல்லிய அடியுள்ள சப்பாத்து உண்டு. மண் ஒட்டிவிடும் என்று அதைப் போட்டுக்கொண்டு வெளியே ஓரடிகூட வைக்கமாட்டோம். அதனால்தான் பையில் கொண்டு திரிந்தேன். காலையில் என் பெயருக்கு அர்ச்சனை செய்யாமல் போகக்கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். கோயில் வாசலில் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

“சப்பாத்தைக் காவிக்கொண்டு சாமிக்கு முன்னாலை வரப்போறியோ?”

“இது றோட்டிலையே போடாத சப்பாத்து, அம்மா.”

“சப்பாத்து சப்பாத்துத்தான்.”

கார் பனிக்குவியலுக்கு அப்பால் எங்கோ நின்றது, ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கத் தொடங்கிவிட்டார். வாசலில் செருப்பு வைக்கும் அலுமாரியில், எங்கள் பூட்ஸ்களுக்குப் பக்கத்தில் சப்பாத்தையும் வைத்துவிட்டு உள்ளே போனோம். திரும்பும்போது ஒரு கையில் பிரசாதம், மறுகையில் ஐஸில் வழுக்காமல் பிடித்த அம்மாவின் கை. பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பிப் போய் எடுத்துவர நேரமில்லை.

பகலில் நான் பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் இருப்பவள். இரவில் மில்லிக்கன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் பேஸ்மென்ற்றில், பழையதாக வாங்கிய மின் ஓர்கனில் ஹெட்போன் போட்டு வாசிப்பவள். ஏற்கெனவே இரண்டு தேவாலயங்களில் என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள். இங்கே உதவி ஓர்கன் வாசிப்பாளர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. இதுவும் போனால் ஓர்கனை விற்றுவிட்டு அந்த இடத்தில் உடுப்புக் காயவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

பிரெஞ்சு முறையில் வாசிக்கத் தெரிந்த ஆளைத்தான் தேடினார்கள். அந்த முறையில், பாதிரியார் பலிபீடத்தில் ஆயத்தம் செய்து முடிக்கும்வரை ஓர்கன்காரர் முன்னால் தாள் எதுவும் இல்லாமல் இசையை அந்த இடத்திலேயே கட்டுவார். அது யாரோ உட்கார்ந்து எழுதிவைத்தது போல ஒழுங்காகவும் இருக்க வேண்டும். தேர்வில் மூடிய உறைக்குள் சில சுரங்களை எழுதித் தருவார்கள். கொஞ்ச நேரம் பார்க்கலாம், பிறகு வாசிக்க வேண்டும். கடைசியில் கைகள் இரண்டும் மேலே ஓட, அந்தச் சுரங்கள் காலில் பெரிதாக, நீளமாக வரவேண்டும். எல்லோரும் காத்திருப்பது அதற்குத்தான். எனக்கோ காலில் போட ஒன்றுமில்லை.

தலைமை ஓர்கன் வாசிப்பாளர் பாரிஸில் படித்தவர், என்னைவிட வயதில் சின்னவர். உறையைத் திறந்து நீட்டினார். ஏழு சுரங்கள். அவற்றை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் என் காலைத்தான் பார்த்தேன். பூட்ஸோடு மிதித்தால் இரண்டு கட்டை சேர்ந்து அமுங்கும். கம்பளி சொக்ஸோ எண்ணெய் பூசினதுபோல வழுக்கும். சொக்ஸையும் கழற்றினேன். அவர் என் வெறுங்காலைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

அம்மா முன்வரிசையில், நெற்றியில் திருநீறோடு, கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தார். நான் வாசித்து அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் அவருக்குக் கேட்பது மேல்தளம்வரை வரும் என் காலின் தடதட மட்டும்.

தொடக்கம் பிழையில்லை. கைகள் தங்கள் பாட்டில் போயின. ஆனால் கடைசிப் பகுதி நெருங்க நெருங்க உள்ளங்கால் வேர்த்தது. காலில் சுரங்களைத் தொடங்கினேன். நான்குவரை சரி. ஐந்தாவதில் வலது கால் சறுக்கிப் பக்கத்துக் கறுப்புக் கட்டையில் விழுந்தது. காலில் வரும் அவ்வளவு பெரிய சத்தத்தில் பிழையை மறைக்க ஒரு வழியும் இல்லை. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

இந்த முறையைப் படிக்கிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது ஒன்றுண்டு: பிழை வந்தால் ஒளிக்காதே, திரும்பவும் வாசி. திரும்பவும் வாசித்தேன், அதே பிழையோடு. கைகளில் வாசிக்கும் சுரச் சேர்க்கைகளை அதற்கேற்ப மாற்றினேன். அடுத்த முறையும் அப்படியே. வேண்டுமென்றே வாசித்தது என்று யாராவது நம்பினார்களா தெரியாது.

“ஐந்தாவது சுரம் நான் எழுதினது இல்லையே. வேண்டுமென்றா வாசித்தீர்கள்?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

ஓம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. “இல்லை, கால் வழுக்கிவிட்டது” என்றேன். இன்னொருவர் வாசிக்க இருக்கிறார், வெள்ளிக்கிழமை கூப்பிடுகிறேன் என்றார்.

வரும் வழியில் அம்மாவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“சத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு.”

வெள்ளிவரை என் கை போனை விட்டு விலகவில்லை. வேலையிடத்தில் ஒருவருக்குப் பிழையான நாளைக் குறித்துக் கொடுத்து ஏச்சும் வாங்கினேன். வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில், பேப்பர் விரித்து, என் சப்பாத்து இருந்தது. பக்கத்து வீட்டு அன்ரியோடு கோயிலுக்குப் போன அம்மா எடுத்துவந்திருந்தார்.

“வைச்ச இடத்திலையே இருந்தது. ஒருத்தரும் தொடேல்லை, பாத்தியே.”

அப்போதுதான் போன் அடித்தது. இடம் மற்றவருக்கு. தலைமை வாசிப்பாளர் என்னைப் பற்றி நல்லதாகவும் ஏதோ சொன்னார், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

“என்னவாம்?”

“கிடைக்கேல்லை, அம்மா.”

அம்மா மேசையைப் பார்த்தார். “உதைப் போய் எடுத்துக்கொண்டு வந்திருக்கக்கூடாது.”

அழுகையை அடக்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன். அம்மா எனக்கு முதுகு காட்டி நின்று வெங்காயம் அரியத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் மெல்ல முணுமுணுத்தார். ஏதோ தேவாரம் என்றுதான் நினைத்தேன். இல்லை, அந்த ஏழு சுரங்கள். ஐந்தாவது வந்தபோது, உறைக்குள் இருந்ததை அல்ல, என் கால் சறுக்கி விழுந்ததைப் பாடினார். திரும்பவும் பாடினார், அப்படியே.

அடக்கின அழுகை அப்போது வந்தது. சரியான சுரம் எது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. சப்பாத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்க் காலில் மாட்டி, ஓர்கனிலிருந்து ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.