நான் திருத்திய காந்தாரம்

எண்பதுகளில் அமெரிக்காவில் சான் ஹோசேயில், ஒரு ஃபேக்டரியில் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் லைனில் எனக்கு வேலை. காலை ஆறரைக்கு ஷிஃப்ட். மூன்று மணிக்கு வெளியே வரும்போது வலது கைக் கட்டைவிரல் என்னுடையதுதானா என்று சந்தேகம் வந்துவிடும். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் பியானோ டீச்சர் ஆகப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருஷ மாலை வகுப்பு இருந்தது. முடித்தால் ஒரு சான்றிதழ். அது கையில் இருந்தால் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், லைனைத் தலைமுழுகிவிடலாம். ஆனால் வகுப்பில் சேர ஓர் ஆடிஷன் உண்டு. பரோக் காலத்து ஐரோப்பிய இசையில் முன்னுரை மாதிரி ஒரு பிரெலூட், அதைத் தொடர்ந்து வரும் ஃபியூக், இரண்டும் மைனரில் ஒரு ஜோடி, மனப்பாடமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

"ஒரு தடவை ட்ரை பண்ணு. கிடைக்கலன்னா விட்டுரு. ரெண்டையும் இழுத்துக்கிட்டு உன்னால முடியாது, இப்பவே பாதியாயிட்ட" என்றார் அவர். நியாயமான பேச்சு. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

என்னிடம் இருந்தது சி மைனரில் ஒரு ஜோடி. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தபோது எனக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த வார்டனம்மாவிடம் அந்தப் புத்தகம் இருந்தது. கடையில் கிடைக்காத சாமான். ஒரு வாரத்துக்குக் கடன் வாங்கி, கோடு போட்ட நோட்டில் நானே பார்த்து எழுதிக்கொண்டேன். ஃபியூகின் கடைசியில் மூன்று நான்கு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் முடிவில், ஒரு ஸ்வரத்துக்கு முன்னால், அதை அரை ஸ்வரம் ஏற்றும் நேச்சுரல் குறி போட்டிருந்தது. அதுவரை அழகாகச் சாதாரண காந்தாரத்தில் போய்க்கொண்டிருந்தது, அங்கே மட்டும் திடீரென்று அந்தர காந்தாரமாக மாறி, மைனரை விட்டு வெளிச்சமான மேஜரில் போய் நின்றது. நான் ஐந்து வருஷம் பாட்டு வாத்தியாரிடமும் உட்கார்ந்தவள். ராகத்தில் இல்லாத ஸ்வரத்தில் கொண்டுபோய் முடித்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான், அபஸ்வரம். அச்சுப் பிழை என்று தீர்மானித்து அந்தக் குறியை விட்டுவிட்டேன். வெள்ளைக்காரன் புத்தகத்தையே திருத்திவிட்ட திமிர் வேறு. வார்டனம்மாவிடம் வாசித்துக் காட்டுவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது.

அமெரிக்காவுக்கு வந்த பிறகாவது ஒரு ரெக்கார்டு வாங்கிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அடுத்தவர் வாசிப்பைக் கேட்டால் என் வாசிப்பு கெட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் திமிர்தான்.

எங்கள் தமிழ்ச் சபை ஞாயிறு மதியத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்த அமெரிக்கச் சர்ச்சில் ஒரு பியானோ இருந்தது. சனிக்கிழமைகளில் போய் அதில் பழகுவேன். எங்கள் ஆட்களுக்கு மைனர் என்றால் துக்கம். பலிபீடத்துக்குப் பூ வைக்க வந்த ஆன்ட்டி ஒருவர், பாதி பிரெலூடிலேயே பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, ஊர்ல யாருக்கும் ஏதாவதா?"

"இல்ல ஆன்ட்டி, எக்ஸாமுக்கு."

"அப்ப கொஞ்சம் சந்தோஷமானதா வாசிக்கலாம்ல."

அவரைக் குறை சொல்லி என்ன, நானே அப்படித்தான் வாசித்தேன். அந்த பிரெலூட் துக்கம் கொண்டாடுகிற பாட்டே அல்ல, விறுவிறுவென்று காரியம் பார்க்கிற பாட்டு. நான்தான் என் அலுப்பையெல்லாம் அதன் தலையில் ஏற்றி ஒவ்வொரு ஸ்வரத்தையும் இழுத்தேன். ஃபியூக் இன்னும் மோசம். அதில் மூன்று குரல்கள். ஒரு குரல் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று அதையே எடுத்துக்கொண்டு உள்ளே வரும், மூன்று அத்தைகள் கூடிய வீடு மாதிரி. நடுக்குரல் பெரும்பாலும் இரண்டு கட்டைவிரல்களிலும் மாறி மாறி விழும். என் வலது கட்டைவிரல் வாரம் முழுக்க சால்டரிங் பேனாவை அழுத்திப் பிடித்த விரல். அந்த இடம் வந்தால் நடுக்குரல் அப்படியே செத்துப்போகும். ஒரு நாள் அழுதுகூட இருக்கிறேன். பிறகு வேறு வழியில்லாமல் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, அழுத்துவதை விட்டு, விரலைத் தொட்டுத் தொட்டு எடுத்துப் பார்த்தேன். களைப்பில் கண்டுபிடித்ததுதான், ஆனால் பாட்டு அப்போதுதான் நடக்க ஆரம்பித்தது.

ஆடிஷன் அன்று அறையில் இரண்டு பேர். நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை, அவருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர். நன்றாகவே வாசித்தேன், நடுக்குரல் சாகவில்லை. முடித்துக் கையை எடுத்ததும் இளைஞர் எதையோ குறித்துக்கொண்டார். பேராசிரியை எழுந்து வந்து, அச்சுப் புத்தகத்தைப் பியானோ மேல் விரித்து, கடைசி வரியில் விரலை வைத்தார். அதே நேச்சுரல் குறி. வேறு பதிப்பு, வேறு அச்சு, அதே இடம்.

"அந்தக் காலத்தில் மைனரில் எழுதினாலும் பெரும்பாலும் மேஜரில்தான் முடிப்பார்கள். நீங்கள் கடைசி வரை ஆறுதலே இல்லாமல் முடித்துவிட்டீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "யோசித்து எடுத்த முடிவா?"

வெளியே காரில் என் வீட்டுக்காரரும் மகளும் காத்திருந்தார்கள். திங்கட்கிழமை ஆறரைக்கு லைன் காத்திருந்தது.

"யெஸ்" என்றேன்.

இடம் கிடைத்தது. அடுத்த இரண்டு வருஷமும் மூன்று மணி வரை லைன், ஐந்து மணிக்கு வகுப்பு, நடுவில் காரிலேயே தயிர் சாதம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த அம்மா ஒவ்வொரு புது மாணவரிடமும் என்னைக் காட்டி, "தைரியம் என்றால் இவர் அந்த ஃபியூகை முடித்தாரே, அது" என்று சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. எத்தனையோ முறை உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். சான்றிதழ் போய்விடும் என்ற பயம். நாள் ஆக ஆக, இவ்வளவு நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற வெட்கம். தவணையில் வாங்கிய பழைய பியானோவில் வீட்டில் பழகும்போதும் பழையபடியே முடித்தேன். மேஜரில் முடித்துப் பழகினால் அந்த அம்மா முன்னால் கை தவறிவிடுமோ என்று பயந்தேன்.

கடைசித் தேர்வு ஒரு சின்னக் கச்சேரி. "உங்கள் சி மைனர் இல்லாமலா?" என்றார் பேராசிரியை. மறுக்க முடியவில்லை. முதல் வரிசையில் அவர், பின்னால் என் வீட்டுக்காரரும் மகளும். ஃபியூகின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது எனக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. விரலுக்கு மட்டுமல்ல, இரண்டு வருஷம் அந்தப் பொய்யைச் சுமந்த களைப்பு. கடைசி ஸ்வரங்களுக்கு வந்ததும் விரலைப் பக்கத்துக் கட்டைக்கு நகர்த்தி, புத்தகத்தில் இருந்தபடியே மேஜரில் முடித்தேன். பியானோவில் அந்த முடிவை அதற்கு முன்னால் ஒரு தடவைகூட நான் வாசித்ததில்லை. யாரோ முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

கைதட்டல் முடிந்ததும் பேராசிரியை வந்தார். முகத்தில் வருத்தம்.

"ஏன் மாற்றிவிட்டீர்கள்?"

"களைப்பாக இருந்தது" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டி, "ஒரு நாள் எல்லோருக்கும் தைரியம் குறைந்துதான் போகிறது" என்று சொல்லிவிட்டுச் சான்றிதழைக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

காரில் ஏறியதும் மகள் பின் சீட்டில் தூங்கிவிட்டாள். கார் ஃபிரீவேயில் ஏறியது. என் வீட்டுக்காரர், என் மனசு நோகக்கூடாது என்று மெல்ல ஆரம்பித்தார்.

"எல்லாம் நல்லாத்தான் வாசிச்ச. கடைசில மட்டும் ஒரு தப்பு விட்டுட்ட, இல்ல? பரவால்ல விடு, தினமும் வீட்ல கேக்குறதால எனக்குத் தெரிஞ்சுது. வேற யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைச் சரியாக வாசித்திருந்தேன். "ஆமா, தப்புதான்" என்றேன்.