கன்னியப்பனின் தவளைக் கார்

பிள்ளைப்பாக்கத்தில் கன்னியப்பன் என்று கேட்டால், "எந்தக் கன்னியப்பன்?" என்பார்கள். தவளைக் கார் கன்னியப்பன் என்றால் சின்னப் பிள்ளைகூட விரலை நீட்டிக் காட்டும். பெங்களூர் ரோட்டோரம் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டர். ஷிப்டு முடிந்தால் வீடு, வீட்டுக்கு வந்தால் அந்தக் கார். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. "இருந்திருந்தா திருத்தவாவது பாத்திருக்கலாம்," என்பாள் அவன் பெண்டாட்டி மரகதம்.

கார் பழைய எம்.ஜி., சீமையில் செய்தது. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. தரையோடு தரையாகப் பதுங்கி, முன்விளக்கு இரண்டும் பிதுங்கி நிற்கும். ஒரு காலத்தில் சோழவரம் பந்தயத்தில் ஓடியதாகப் பேச்சு. வைத்திருந்த மெட்ராஸ்காரர் ஊரைவிட்டே போனபோது பழைய இரும்புக்குப் போக இருந்ததை, டிராக்டரில் கட்டி இழுத்துவந்தான். மாடு கொட்டகையைவிட்டு வெளியே வந்தது, கார் உள்ளே போனது.

எஞ்சினுக்கு எப்படியோ உயிர் கொடுத்துவிட்டான். ஓட வந்துவிட்டது, நிற்கத்தான் வரவில்லை. பிரேக்கை மிதித்தால் கால் தரைப் பலகைவரை போகும். மேடு பள்ளத்தில் படகு மாதிரி ஆடும். அதனால் சொந்தத் தெருவைத் தாண்டி அதை ஓட்டியதில்லை.

இப்படி இருக்கையில்தான், தொண்ணூற்றொன்று ஆவணியில், மரகதத்தின் தங்கை ரஞ்சனிக்குத் தண்டலத்து மாப்பிள்ளை அமைந்தான். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்று அவர்கள் வீட்டில் ஆசைப்பட்டார்கள். மரகதத்தின் அப்பா சுப்பராயன், அதே ஊரில் அடுத்த தெருக்காரர், காஞ்சிபுரத்தில் வாடகைக்குச் சொல்லலாம் என்று எழுந்தார்.

"வாடகை எதுக்கு நைனா? எங்க வூட்லயே கீதே ஓப்பன் காரு," என்றாள் மரகதம்.

"அதுல ஏறினா மாப்ள பந்தலுக்கு வரமாட்டாரும்மா, நேரா ஏரிக்குள்ளதான் போவாரு," என்றார் சுப்பராயன்.

கூடத்தில் இருந்த உறவெல்லாம் சிரித்தது. மரகதம் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுவரும் சிரிப்பு அது. வீட்டுக்கு வந்து புருஷனிடம் சுருக்கமாகச் சொன்னாள்: "உங்க கார்லதான் வராருன்னு சொல்லிட்டேன். இனிமே என் மானம் உங்க கையில."

கன்னியப்பன் மனசுக்குள் வழியை ஓட்டிப் பார்த்தான். அழைப்பு புறப்படுவது ஏரிக்கரை மேலிருக்கும் அம்மன் கோயிலிலிருந்து. கரையைவிட்டு ஊருக்குள் வர ஒரு இறக்கம் உண்டு, செங்குத்து இல்லைதான். ஆனால் மேளக்காரர்களும் தட்டு ஏந்திய பெண்களும் காருக்கு முன்னால்தான் நடப்பார்கள்.

அன்றைக்கே ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கிவிட்டான். நான்கு சக்கரமும் கழன்று சுவரோரம் போயின. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று உடைந்திருந்தது. லாரிக்குப் பட்டை அடிக்கிற கொல்லரிடம் அதே வளைவில் வேறு ஒன்று அடித்து வாங்கினான். தேய்ந்துபோன புஷ்களைத் தட்டி எடுத்து, புதிதாகக் கடைந்து ஏற்றினான். முன்பக்க ஷாக் அப்சார்பர்களுக்கு எண்ணெய் மாற்றினான். பிரேக்குக்குப் புது லைனிங் ஒட்டினான். சக்கரத்துப் பிரேக் சிலிண்டர்களுக்குள் போகும் ரப்பர்தான் பெரும்பாடு, அந்தக் காருக்கென்று எங்கே கிடைக்கும்? பழைய ரப்பர்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ராஸில் கடை கடையாக ஏறி, அம்பாசடருக்குப் போடுவதில் அளவு ஒத்துவந்ததாகப் பார்த்துப் பொறுக்கிவந்தான்.

ஒரு சுபாவம் அவனுக்கு. மண்ணெண்ணெயில் கழுவாமல் எந்தச் சாமானையும் மிஷினுக்குள் போடமாட்டான். கம்பெனியில் அப்படித்தான் பழக்கம்; தட்டு நிறைய மண்ணெண்ணெய், பக்கத்தில் பிரஷ். ரேஷன் மண்ணெண்ணெயில் பாதி காருக்குப் போய்விடுகிறது என்று மரகதம் கத்தாத மாதம் கிடையாது. புது ரப்பர்களில் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது. அவற்றையும் அதே தட்டில் அலசித்தான் எடுத்தான். உள்ளே தள்ளும்போது கொஞ்சம் இறுக்கமாகப் போயின. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பிரேக்கில் காற்று எடுக்க இரண்டாள் வேண்டும். மரகதத்தைப் புடவையைச் செருகிக்கொண்டு சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, இவன் சக்கரத்தடியில் படுத்தான்.

"மிதி. மிதி. ஆங், புடி. வுடாத!"

"எவ்ளோ நேரம் புடிக்கிறது? அடுப்புல கொழம்பு கீது."

"கொழம்பு கொதிக்கட்டும். இங்க காத்து போவணும்."

"கால் உள்ள போவுதுங்க!"

"போவட்டும், போவட்டும். இப்ப வுடு."

நான்கு சக்கரமும் முடிவதற்குள் குழம்பு தீய்ந்துவிட்டது. ஆனால் மிதி கல் மாதிரி நின்றது. அன்று சாயந்திரம் இருவருமாகத் தெருக்கோடிவரை போய்வந்தார்கள். கார் ஆடவில்லை, அலையவில்லை. நடுத்தெருவில் படுத்துக்கிடந்த நாய் எழுந்திருக்கவே இல்லை. அதற்கு முன்னாலேயே நின்றது வண்டி. "சும்மா கூட்டினு போனீங்களே, சினிமாவுக்குப் போன மாதிரி இருந்திச்சி," என்றாள் மரகதம். அவன் காதுவரை சிவந்துபோனான்.

அதன் பிறகு கல்யாண வேலையில் காரைத் தொட நேரமில்லை. அழைப்பு அன்று காலையில் துடைத்துப் பளபளப்பாக்கி, எஞ்சினைப் போட்டான். கிளட்சை விட்டால் கார் முனகுகிறதே தவிர நகரவில்லை, யாரோ பின்னால் பிடித்திழுப்பதுபோல. வம்படியாகக் கொஞ்சம் நகர்த்தியதில் சக்கரம் கொதித்தது. பயந்துபோய் ஒரு சக்கரத்தைக் கழற்றிச் சிலிண்டரைத் திறந்தான். உள்ளே ரப்பர், ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, மிதிக்காமலே பிரேக்கைப் பிடித்துவைத்திருந்தது. முகர்ந்தான். மண்ணெண்ணெய்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மெட்ராஸுக்குப் போய் ரப்பர் வாங்கிவந்து எல்லாவற்றையும் திறந்து மாற்றப் பொழுது கிடையாது. ஒன்று செய்யலாம். குழாயைத் தளர்த்திப் பிரேக் எண்ணெயை வடித்துவிட்டால் சக்கரம் தாராளமாகச் சுற்றும். காலில் பிரேக் இருக்காது; கைப்பிரேக் மட்டும், அதுவும் அரைகுறையாக, பின்சக்கரத்தைப் பிடிக்கும். ஊர்வலம் நடைவேகம்தானே? யாருக்குத் தெரியப் போகிறது?

வடித்தும் விட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அந்த இறக்கம் கண்முன் வந்தது. தவில்காரர் காரைப் பார்த்தபடியே பின்நடையாக நடந்து வாசிப்பார். தட்டோடு போகிற பெண்களில் முதல் வரிசையில் மரகதம் இருப்பாள். எழுந்து வீட்டுக்குள் போனான்.

மரகதம் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னான். அவள் கை நின்றது.

"ஓடாதுன்றீங்களா, நிக்காதுன்றீங்களா?"

"காலையில ஓடல. இப்ப ஓடும், நிக்காது."

"அன்னிக்கு நின்னுச்சே?"

"என் தப்புதான். ரப்பரப் போய் மண்ணெண்ணெயில கழுவிட்டேன். மாமாகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்."

அவள் பூவை அப்படியே முறத்தில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

சுப்பராயன் பந்தல்காரனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். கேட்டதும் தலையில் கை வைத்தார். "மாப்ளே, இத நேத்து சொல்லக் கூடாதா? இந்நேரத்துக்கு நான் காருக்கு எங்க போறது?"

"நேத்து தெரியாது மாமா. தெரிஞ்சிக்கினு ஓட்ட மனசு வரல."

சிரிக்கக் காத்திருந்த உறவுகூட இப்போது சிரிக்கவில்லை. மரகதம்தான் கேட்டாள்: "தேருக்கு இன்னா பிரேக்கு கீது நைனா? ஆளுங்கதான?"

"தேர முன்னால இல்ல இழுப்பாங்க?"

"அப்ப இத பின்னால இழுங்க."

சுப்பராயன் மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். "மாப்ளே, தாங்குமா?"

"பம்பர்ல கட்டினா பிச்சிக்கும். அடியில சட்டத்துல கட்டித் தரேன். எஞ்சினும் போட மாட்டேன்," என்றான் கன்னியப்பன்.

லாரிக் கயிறு வந்தது. சாயந்திரம் காரைத் தள்ளியே கரைக்கு ஏற்றினார்கள். ஸ்டியரிங்கில் கன்னியப்பன்; மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை வெங்கடேசன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். திரும்பிப் பார்த்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்வீட்டு ஆண்பிள்ளைகள் அத்தனை பேர்.

"இன்னா சகல, பின்னால கும்பல்?"

கன்னியப்பன் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு மண்ணாங்கட்டி கயிற்றிலிருந்தே கத்தினான்: "எங்க ஊரு மொறை மாப்ளே! பொண்ண சுளுவா குடுத்துட மாட்டோம்!"

"அவரு சும்மா சொல்றாரு," என்று கன்னியப்பன் தணிந்த குரலில் உள்ளதைச் சொன்னான். வெங்கடேசன் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டான். இறங்கவில்லை.

இறக்கம் வந்தது. கார் மெல்ல முன்னால் சாய்ந்தது, கயிறு விறைத்தது. "வுடாத! புடி! தம் கட்டு!" சுப்பராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசியில் நின்று குரல் கொடுத்தார். முறை என்றே நம்பிவிட்ட தண்டலத்துப் பையன்கள் சும்மா இருப்பார்களா? முன்னால் வந்து காரை இழுக்கக் கை வைத்தார்கள். "யோவ், அத மட்டும் செய்யாதீங்கய்யா!" என்று கன்னியப்பன் அலறியதில் தவில் ஒரு கணம் தாளம் தப்பியது. மரகதம் தட்டோடு திரும்பி நின்று ஒரு முறைப்பு முறைத்தாள். பையன்கள் சத்தமில்லாமல் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தார்கள்.

அடி அடியாக, ஒரு குலுக்கல் இல்லாமல், தவளை சமதரைக்கு வந்துசேர்ந்தது. ஆள் தள்ள அங்கிருந்து நகர்ந்து, பந்தல் வாசலில் கயிறு இழுக்க நின்றது. ஆரத்தி எடுத்தார்கள், மாப்பிள்ளை இறங்கிப் போனான், கூட்டம் உள்ளே போனது. சுப்பராயன் மூச்சு வாங்கக் கதவோரம் வந்து, "எறங்கி வாங்க மாப்ளே, எல போட்டு கீது," என்றார்.

"வரேன் மாமா," என்றான் கன்னியப்பன். ஆனால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. அவனுடைய வலது கால், எண்ணெய் இல்லாத பிரேக்கைத் தரைப் பலகைவரை அழுத்திக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் வைத்த கால். தொடை மரத்துப்போயிருந்தது.