நாய்கள் கூட வந்த சிலுவைப்பாதை

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமைக்குச் சிலுவை சுமக்க நானே முன்வந்தேன். பக்தி கொஞ்சம்தான், ஆம்பூரே என்னைப் பார்க்கும் என்கிற ஆசை ஜாஸ்தி. கோயிலில் இருந்த பழைய சிலுவையைக் கரையான் தின்றுவிட்டதால், புதுசு செய்வதும் என் தலையில் விழுந்தது.

நான் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி சாயபுவிடம் மரம் கேட்டேன். சாயபு சிரித்தார்.

"எங்க கிதாபுப்படி ஈசா நபியை யாரும் சிலுவையில அடிக்கவே இல்லப்பா. அல்லா மேல எடுத்துக்கிட்டான். ஆனா நீ மரம்தானே கேக்கற? பின்னாடி கெடக்குது, எடுத்துட்டுப் போ."

பச்சைத் தோலைப் போட்டு வடியவிடும் உத்திரம் அது. பல வருஷம் ரத்தமும் கொழுப்பும் குடித்தது. தோலோடே கிடக்கும் எங்கள் மூக்குக்கு அதெல்லாம் மர வாசனைதான். இழைத்து, குறுக்குக்கட்டை அடித்துவிட்டேன்.

மத்தியான வெயிலில், பதினாலு ஸ்தலத்தில் நின்று ஜெபம் சொல்லும் சிலுவைப்பாதை கிளம்பியது. முதல் ஸ்தலத்தில் ஒரு நாய் வந்து சேர்ந்தது. சேசுநாதர் முதல்முறை விழுந்ததை உபதேசியார் உருகி வாசித்தபோது ஐந்தாறு இருக்கும். வெயிலில் மரம் கொழுப்பைக் கக்க, தரையில் இழுபட்ட நுனியை ஒன்று ஆசையாக நக்கியது. "ச்சூ, போ!" என்றேன். உபதேசியார் என்னை முறைத்தார். பாடிக்கொண்டிருந்த பெண்கள் முக்காட்டுக்குள் குலுங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் பாட்டே நின்று சிரிப்புதான் கேட்டது.

எனக்கு அழுகை முட்டியது. சிலுவையை இறக்கிவிட்டேன். எங்கள் வெள்ளைக்கார சாமியார் பக்கத்தில் வந்தார்.

"சாமி, இத கொளுத்திட்டு வேற செஞ்சி தர்றேன்."

"எதற்கு? அவரைக் கொண்டுபோன அன்றும் சிரித்தார்கள். அவரை அறைந்த கபால மலை என்ன பூந்தோட்டமா? அங்கேயும் நாய்கள் இருந்திருக்கும். தூக்கு."

தூக்கினேன். அப்புறம் யார் பார்க்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. தோள் எரிந்தது. சேசுநாதருக்கு எப்படி வலித்திருக்கும் என்று அன்றுதான் முதன்முதலாக நினைத்தேன்.

எல்லாரும் முத்தமிட்டு வணங்க, கோயிலில் சிலுவையைக் கிடத்தினோம். முதலில் முத்தி செய்த சாமியார் நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். பக்தியோ நாற்றமோ, யார் கண்டது? பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். என் பெண்சாதி மட்டும் பொத்தவில்லை. மண்டிபோட்டு, நிதானமாக, அழுத்தி முத்தி செய்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "ஒனக்கு நாறலியா?"

"இன்னா புதுசா? தெனம் ஒங்க கூடத்தானே குடித்தனம் பண்றேன்" என்றாள்.