ஒரே ஒரு விண்ணப்பம்

பி.எஸ்ஸி. முடித்த வருடம் அப்பா இறந்துவிட்டார். டாக்டருக்குப் படிக்கும் ஆசையை ஒதுக்கிவிட்டு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நான்கு வருடங்கள் ஓடின. அந்த ஆண்டை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும் என்று தெரிந்ததும், மூன்று மருத்துவக் கல்லூரிகளின் விண்ணப்பங்களை வாங்கி வந்தேன். ஒன்று சென்னை, மற்ற இரண்டும் வெளியூர்.

அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூணு எதுக்கும்மா? உன் மார்க்குக்கு மெட்ராஸ்லயே கெடைக்கும். நீ வெளியூர் பூட்டா ஊட்டை யாரு பாத்துப்பா? அண்ணிக்கு வேற உடம்பு சரியில்லாம கீது."

பாசத்தில் சொல்கிறார் என்று நம்பி, சென்னைக்கு மட்டும் அனுப்பினேன். என்னுடன் வேலை பார்த்த சரோஜா ஐந்து கல்லூரிகளுக்குப் போட்டிருந்தாள். "ஒண்ணையே நம்பிகினு கீறியேக்கா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன்.

நேர்முகத்தில் இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பட்டியலில் என் பெயர் இல்லை. என்னைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய சரோஜாவுக்கு வெளியூரில் இடம் கிடைத்தது. சென்ட்ரலுக்குப் போய் அவளை ரயிலேற்றிவிட்டு வந்தேன்.

"இன்னா பண்றது, உன் நேரம் அப்டி கீது. சோத்தைப் போடு, ஷிப்டுக்கு டைம் ஆவுது" என்றார் அண்ணன்.

பரிமாறும்போதுதான், வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்றே என்னை வெளியூருக்கு விண்ணப்பிக்க விடவில்லை என்று எனக்கு விளங்கியது.

இப்போது யார் யோசனை சொன்னாலும், அதனால் அவர்களுக்கு என்ன ஆதாயம் என்று முதலில் பார்க்கிறேன். நான் மாறிவிட்டேன் என்று அண்ணனுக்கு வருத்தம்.